நகந்து படுத்த சுவரு

கீழமடை காலனி பி ப்ளாக்குல ரெண்டாவது மாடி ஏறுனதும் இடது கைப் பக்கம் நாகம்மா வீடு. அந்த வீட்டு மேலண்டைச் சுவரு, நகந்து படுன்னு சொன்னா நகந்து படுத்துக்கும். மொதமொத அது நகந்தது ஒரு பங்குனி மாசத்து மத்தியானம். அன்னைக்குத் தஞ்சாவூருல வெள்ளரிப் பிஞ்சு மலிஞ்சு கெடந்துச்சு, கரண்டு ரெண்டு வாட்டி போயி வந்துச்சு, வேற விசேசம் ஒண்ணும் கெடையாது.

நாகம்மா பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவ. பிள்ளைங்களுக்குச் சோத்தப் போட்டு, அண்டாவக் கழுவிக் கவுத்துட்டு வீட்டுக்கு வந்தான்னா கட்டையச் சாய்க்கணும், அவ்வளவுதான். வீடுன்னா ஒரு ஹாலு, ஒரு ரூமு, நின்ன எடத்துல திரும்புனா முதுகு இடிக்கிற அடுப்படி. அதுக்குள்ள அவ புருசன் பஞ்சநதம், நெல்லு கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குறவரு. மவன் செந்தில்குமாரு செல்போன் கடையில வேலை, அவனுக்குக் கட்டிக்கிட்டு வந்த வானதி, காலேஜு படிக்கிற மவ அனுராதா. அப்புறம் பஞ்சநதத்தோட தங்கச்சி தங்கமணி. தங்கமணிக்கு வாச்சவன் திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு போனவன்தான், பனியனோட பனியனா அவனையும் மடிச்சுப் பொட்டியில போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாங்க போலருக்கு, திரும்பி வரவேயில்ல. அதுலேருந்து அவளுக்கு அண்ணன் வீடுதான். பேருக்குத்தான் அண்ணன் வீடு, அவ ஒட்டிக்கிட்டது அண்ணியோட. வாய்க்கா கரையில குடிசை போட்டு இருந்த காலத்துலேருந்து ரெண்டு பேருக்கும் ஒரே பாயி. ஒருத்தி கால் ஒருத்தி மேல கெடக்கும். "நகந்து படுடி"ம்பா நாகம்மா. "நீங்க நகருங்கண்ணி"ம்பா தங்கமணி. ரெண்டு பேரும் நகர மாட்டாளுங்க, அப்படியே தூங்கிப் போயிருவாளுங்க.

அன்னைக்குத் தங்கமணி ரேசன் கடைக்குப் போயிருந்தா. நாகம்மா அரைத் தூக்கத்துல பொரண்டு படுத்தவ, முட்டியில என்னமோ இடிக்குதேன்னு, பக்கத்துல இருக்கறது தங்கமணின்னு நெனச்சுக்கிட்டு, முட்டியால ஒரு தள்ளுத் தள்ளி, "நகந்து படுடி எருமை"ன்னா. இடிச்சது தங்கமணி இல்ல, சுவரு. சுவரு நகந்து படுத்துக்கிச்சு. நெல்லு மூட்டை சரியறாப்புல ஒரு சத்தம், அதுல மாட்டியிருந்த காலண்டரும் சேந்தே போச்சு. நாகம்மா காலை நல்லா நீட்டித் தூங்குனா. அரிசிப் பையோட வந்து நின்ன தங்கமணிதான் எழுப்புனா. "என்னண்ணி, வீடு பெருத்துருக்கு?"ன்னு கேட்டா.

சுவத்துக்கு அந்தாண்ட ஆட்டோ ஓட்டுற மீரா உசேன் வீடு. அவர் எடத்த எடுத்துட்டோமோன்னு பஞ்சநதம் பதறிப் போயி ஓடுனாரு. அங்க கட்டிலு, பிரிட்ஜு, தொங்கப்போட்ட காக்கிச் சட்டை எல்லாம் வெச்ச எடத்துலயே இருந்துச்சு. மீரா உசேன் நாலு மூலையும் நடந்து பாத்துட்டு, நாகம்மாகிட்ட வந்து, "எங்க வீடு அப்படியே இருக்குக்கா. நீங்க அல்லாவோட எடத்துல கொஞ்சம் எடுத்துருக்கீங்க, அவரு வாடகை கேக்க மாட்டாரு"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. அப்புறம் தன் வீட்டுச் சுவத்தையும் ஒரு வாரம் திட்டிப் பாத்தாரு, கெஞ்சிப் பாத்தாரு, அது அசையல. காலனியில ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கட்டடம் கட்டையில கொள்ளிடத்து மணலக் கொட்டிக் கட்டுனாங்க, ஆத்து மணலு ஒரு எடத்துல நிக்குமா, அதான் நகருதுன்னு பேசிக்கிட்டாங்க. சரிதான்னு எல்லாரும் ஒத்துக்கிட்டு அவங்கவங்க சோலியப் பாக்கப் போனாங்க.

சுவத்துக்கும் ஒரு கொணம் இருந்துச்சு. அதட்டுனா நகராது. பஞ்சநதம் அதட்டுனப்ப மட்டும் வீட்டு ஆம்பளைங்கற மரியாதைக்குக் கொஞ்சூண்டு அசைஞ்சு குடுத்துட்டு நின்னுக்கிச்சு. பஸ்ஸுல பக்கத்து சீட்டுப் பொம்பளைகிட்ட, கூடப் படுக்குறவகிட்ட எப்படிச் சொல்லுவோமோ அப்படிச் சொல்லணும். அதுவும் நாகம்மா, இல்ல தங்கமணி சொன்னாத்தான் நல்லாக் கேக்கும். வெள்ளம் வந்த வருசம் வலங்கைமானுலேருந்து பஞ்சநதத்தோட பெரியப்பா மவன் துரைராசு பொண்டாட்டி புள்ளையோட வந்து ரெண்டு மாசம் தங்கிட்டுப் போனாரு, கூடவே ஒரு கறவை ஆடு. சுவரு ஆட்டுக்கும் சேத்து நகந்துச்சு. அவங்க ஊருக்குத் திரும்புனதும் தானா வந்து பழைய எடத்துல நின்னுக்கிச்சு. வானதிக்கு வளைகாப்பு போட்டப்ப காலனிப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் அந்த ஒரு ஹாலுல உக்காந்து அஞ்சு வகைச் சோறும் தின்னுட்டு, அப்புறமும் கும்மியடிக்க எடம் இருந்துச்சு.

இப்படி இருக்கையிலதான் கவர்மெண்டுக்கு ஒரு யோசனை வந்துச்சு. தப்பான யோசனைன்னு சொல்ல முடியாது. ஏ ப்ளாக்குல ஜெயபாரதி வீட்டுல மூணு தலைமுறை, ஷிப்ட்டு போட்டுத் தூங்குனாங்க. மருமவன் எந்திரிச்சாத்தான் மாமியா படுக்கலாம். புள்ளைங்க மாடிப்படியில உக்காந்து வீட்டுப் பாடம் எழுதும், ஏறி எறங்குறவங்க கால் பட்டுக் கணக்கெல்லாம் தப்பாப் போவும். அந்த மாதிரி வீட்டுக்காகப் போட்ட ஆர்டரு அது. தலைக்கு இத்தனை அடி எடம் இருக்கணும், இல்லாட்டி அது நெரிசல் வீடு, மிச்சம் இருக்கற ஆளுக்கு ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துல கட்டியிருக்கற புது ப்ளாக்குல தனி வீடு. மாட்டேன்னா இருக்கற வீட்டு ஒதுக்கீடும் ரத்து. ஜெயபாரதி குடும்பத்துக்கு ரெண்டு வீடு கெடைச்சுது. அவ காலனி முச்சூடும் கேசரி குடுத்தா. நாகம்மாவும் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னா, அடுத்தது தன் வீடுன்னு அவளுக்கு அப்பத் தெரியல.

அளக்க வந்தவரு பட்டாபிராமன், குடிசை மாத்து வாரியத்து இஞ்சினியரு. தாத்தா காலத்துல வலங்கைமான் பக்கம் நெலம் இருந்துச்சாம், இப்ப குவார்ட்டர்ஸ்ல ஒரு தொளசிச் செடி இருக்கு. நல்ல மனுசன், யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள போவாரு. வானதி வயித்துல இருக்கறதையும் சேத்து எண்ணணும்னு ஆர்டருல இருந்துச்சு. அப்படி எண்ணுனா ஒரு தலை கூடுது. "சார், எங்க வீட்டுல எடத்துக்குப் பஞ்சமே இல்ல சார், இப்பப் பாருங்க"ன்னுட்டு நாகம்மா சுவத்துக்கிட்ட போயி, "சார் வந்துருக்காரு, கொஞ்சம் நகந்துக்கடி"ன்னா. சுவரு புதுப் பொண்ணாட்டம் தயங்கித் தயங்கி நகந்துச்சு. பட்டாபிராமன் கண்ணாடியத் தொடைச்சு மாட்டிக்கிட்டாரு. டேப்ப விரிச்சு அளந்தாரு. அளவு பழைய அளவுதான் காட்டுச்சு. மறுபடி நகரச் சொன்னாங்க, மறுபடி நகந்துச்சு, ஹாலுல இப்ப அவரு, அவரு கூட வந்தவங்க, வேடிக்கை பாக்க வந்தவங்க எல்லாரும் கைய வீசி நடக்கறாங்க, டேப்பு மட்டும் அதே அளவு.

"டேப்பும் சேந்து நகந்துக்குது சார்"னாரு வாசல்ல நின்ன மீரா உசேன்.

பட்டாபிராமன் தானும் ஒருதரம், "சுவரே, சற்று நகரவும்"னு சொல்லிப் பாத்தாரு. அது கண்டுக்கல.

"என் கண்ணால பாக்கறேம்மா, இல்லேங்கல"ன்னு அவரு நாகம்மாகிட்ட சொன்னாரு. "உங்க வீட்டுல எடம் இருக்கு. என் ரிப்போர்ட்டுல எடம் இல்ல. டேப் சொல்றதத்தான் நான் எழுத முடியும்."

பத்து நாளு கழிச்சு நோட்டீசு வந்துச்சு. அனுராதாதான் படிச்சா. குடும்பம்னா புருசன், பொண்டாட்டி, அவங்க புள்ளைங்க, புள்ளைங்களுக்கு வந்தவங்க, பேரப் புள்ளை. இதுல சேராதவங்க உபரி நபரு. மேற்படி வீட்டின் உபரி நபர் தங்கமணின்னு போட்டு, ஒரத்தநாட்டுப் புது ப்ளாக்குல தரைத்தளத்துல ஒரு வீடு ஒதுக்கியிருக்கு, இந்த மாசக் கடைசிக்குள்ள போயிரணும், இல்லாட்டி கீழமடை வீட்டையும் காலி பண்ணணும்னு இருந்துச்சு. அப்படிக் காலி பண்ணுனா வயித்துப் புள்ளையோட வானதி உள்பட எல்லாரும் மறுபடியும் வாய்க்கா கரைக்குத்தான் போவணும், அந்தக் கரையில இப்ப கம்பி வேலி போட்டுட்டாங்க.

தங்கமணிக்கு மத்ததெல்லாம் காதுல ஏறல, உபரிங்கற வார்த்தை மட்டும் ஏறுச்சு. இந்த ஊருல உபரின்னா ஒண்ணுதான். மேட்டூரு நெறைஞ்சுதுன்னா, பாசனத்துக்குப் போவ மிச்சத் தண்ணிய முக்கொம்புலேருந்து கொள்ளிடத்துல தெறந்து வுட்டாங்கன்னு வருசா வருசம் டிவியில சொல்லுவாங்களே, அந்த உபரி. வேண்டாத தண்ணி, நேரா கடலுக்குப் போறது. அவ எந்திரிச்சுப் போயி மாத்துப் பொடவைய ஒரு கட்டப்பையில எடுத்து வெச்சா. அப்புறம் மீரா உசேன்கிட்ட போயி, "அண்ணே, கொள்ளிடத்துல இப்ப தண்ணி நெறையப் போவுதா?"ன்னு கேட்டா.

"ஏம்மா கேக்கற?"

"என்னைய அதுலதானண்ணே வுடப்போறாங்க. நீச்சல் தெரியாது, அதான் கேட்டேன்."

மீரா உசேன் சிரிச்சுட்டாரு, சிரிச்ச பொறவு அவ மூஞ்சியப் பாத்துட்டு, கூட்டிக்கிட்டு வந்து நாகம்மாகிட்ட வுட்டாரு. நாகம்மா அடுப்பத் தணிச்சுட்டு வந்து, "யாருடி உபரி? நீ திங்கற தீனிக்கு ஒன்ன உபரின்னு எவன் சொல்லுவான்? ஒரத்தநாட்டுலடி, வீடுடி, கக்கூஸு கூட ரெண்டு வெதமா இருக்காம்"னு வைய ஆரம்பிச்சவ, பாதியில வுட்டுட்டு அடுப்படிக்கே திரும்பிப் போயிட்டா. பஞ்சநதம் பட்டாபிராமனப் பாக்க ஆபீசுக்குப் போனாரு. அந்த மனுசனும் மேல எழுதித்தான் பாத்தாரு. குடும்பங்கறதுக்கு நாத்தனாரச் சேத்துக்க ஆர்டருல வழியில்லைன்னு பதில் வந்துச்சு.

மாசக் கடைசியில மீரா உசேன் ஆட்டோவுலதான் கூட்டிக்கிட்டுப் போனாங்க. யாரு எத எடுத்துக்கறதுங்கறதுல ஒரு சண்டையும் இல்ல, பாயில மட்டும் வந்துச்சு. ஒரே பாயி, அத எப்படிப் பிரிக்கிறது? நீங்க வெச்சுக்குங்கண்ணின்னு அவ, நீ எடுத்துட்டுப் போடின்னு இவ, ஆட்டோவுல ஏத்தி எறக்கி ஏத்தி, கடைசியில பாயி தங்கமணியோட போச்சு. புது ஆத்தங்கரை நெடுக நடவு முடிஞ்சு வயலெல்லாம் பச்சை புடிச்சுக் கெடந்துச்சு. வழியெல்லாம் அவ ஆட்டோவுக்கு வெளிய பாக்கவேயில்ல, பாயையே புடிச்சுக்கிட்டு உக்காந்துருந்தா.

அவ போன அன்னைக்கே நாகம்மா வீட்டுச் சுவரு முன்னால வந்து நின்னுக்கிச்சு. பழைய எடத்தையும் தாண்டி உள்ள வந்துருச்சு. எவ்வளவு சொல்லியும் நகரல. நாகம்மா கெஞ்சுனா, அனுராதா கொஞ்சுனா, ம்ஹூம். உபரி ஆள வெளியேத்துன பொறவுதான் அந்த வீட்டுல மொதமொத நெரிசல் வந்துச்சு. செந்தில்குமாரு வாசப்படியில படுத்தான், வானதி வயித்தத் தூக்கிக்கிட்டு ஒருக்களிச்சுத்தான் அடுப்படிக்குள்ள நொழைய முடிஞ்சுது. நெரிசல் தீர்ந்ததுன்னு ஆபீசுல அந்த வீட்டுக்குப் பச்சை மையில டிக்கு அடிச்சிருந்தாங்க.

ஒரத்தநாட்டுல தங்கமணிக்கு எடம்னா எடம். ஹாலு முழுக்க உருண்டாலும் யார் மேலயும் இடிக்கல, அதனாலயே தூக்கம் வரல. சோறு ஒரு ஆளுக்குப் பொங்கத் தெரியாம தெனமும் மீந்துச்சு, காக்காவெல்லாம் பழகிருச்சு. மத்தியானத்துல நாகம்மா போன்ல வீடியோ போட்டுத் தலமாட்டுல சாச்சு வெச்சுக்குவா, அவளும் அந்தப் பக்கம் சாச்சு வெச்சுக்குவா. பேசுறதுக்கு அது போதும். ஆனா போன் மேல காலைப் போட முடியுமா?

ஆவணி மாசம் ஒரு மத்தியானம், நாகம்மா சத்துணவு வேலை முடிஞ்சு வந்து வெறுந்தரையில பொடவைய விரிச்சுப் படுத்தா. போன்ல சார்ஜு இல்ல. கண்ணு சொருகையில பழக்க தோசத்துல, சுவத்துப் பக்கம் பொரண்டு, "நகந்து படுடி"ன்னா. அதே நேரம் ஒரத்தநாட்டுல தங்கமணி அரைத் தூக்கத்துல சுவத்துப் பக்கம் பொரண்டு, "நீங்க நகருங்கண்ணி"ன்னா. சுவரு ரெண்டு பேரு சொன்னதையும் ஒண்ணாக் கேட்டுக்கிச்சு. இந்தத் தடவை ஓரமா ஒதுங்கல, பஸ்ஸுக் கதவாட்டம் ஒரு பக்கமா மடங்கித் தெறந்துக்கிச்சு. நாகம்மா நீட்டுன காலு தங்கமணி இடுப்புல போயி இடிச்சுது. தங்கமணி கண்ணத் தெறக்காமயே, "காலை எடுங்கண்ணி, கனக்குது"ன்னா. நாகம்மா எடுக்கல. ரெண்டு பேரும் தூங்கிப் போயிட்டாளுங்க. சாயங்காலம் முழிச்சுப் பாக்கையில பாயி பாதி தஞ்சாவூருலயும் பாதி ஒரத்தநாட்டுலயும் கெடந்துச்சு.

பஞ்சநதம் வந்து பாத்துட்டு, மொதல்ல மீரா உசேன் வீட்டுக்குத்தான் ஓடுனாரு. அந்த வீடு இருந்த எடத்துலயே இருந்துச்சு. மீரா உசேன் வந்து அந்தாண்ட எட்டிப் பாத்து, வெளிய போயி ஒரத்தநாட்டுத் தெருவுல ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்து, "அந்தக் கட்டடம் கல்லப் பொடிச்ச எம்-சாண்டுல கட்டுனதாம்க்கா, கேட்டுட்டு வந்துட்டேன். அப்ப மணலு காரணமில்ல"ன்னாரு. வேற காரணம் யாரும் தேடல. வானதிக்கு நடக்க எடம் கெடைச்சுதேன்னு இருந்துச்சு எல்லாருக்கும்.

புரட்டாசியில வானதிக்குப் பொண்ணு பொறந்துச்சு. தூளிய ரெண்டு வீட்டுக்கும் நடுவுல கட்டுனாங்க, ஒரு ஆட்டுக்குப் புள்ளை ரெண்டு ஊரும் போயி வந்துச்சு. தஞ்சாவூருல மழை பெஞ்சா துணியத் தூக்கிக்கிட்டுப் போயி ஒரத்தநாட்டு வெயில்ல காயப் போடுவாளுங்க. இங்க கரண்டு போனா அங்க போயி மாவரைப்பாளுங்க. கரண்டு பில்லு ரெண்டு, ரேசன் கடை ரெண்டு, சோறு பொங்குறது ஒரே பானை.

புது ப்ளாக்குக்கு ஒதுக்குன ஆளுங்க நெஜமாவே அங்க இருக்காங்களான்னு பாக்கச் சொல்லி அடுத்த வருசம் ஒரு ஆர்டரு வந்துச்சு. பட்டாபிராமன் ஜீப்புல ஒரத்தநாட்டுக்குப் போயி தங்கமணி வீட்டுக் கதவத் தட்டுனாரு. உள்ள நாகம்மா குடும்பம் மொத்தமும் சாப்புட்டுக்கிட்டு இருந்துச்சு. மனுசனுக்கு வேர்த்துப் போச்சு. ஒதுக்குன ஆளத் தவிர வேற யாரும் தங்கக் கூடாதுங்கறது கண்டிசன்.

"ஏம்மா, இங்கதான் எல்லாரும் இருக்கீங்களா? அங்க வீட்டப் பூட்டிட்டீங்களா?"

"அய்யோ இல்ல சார், நாங்க எங்க வீட்டுலதான் உக்காந்துருக்கோம். கொழம்புச் சட்டி மட்டுந்தான் அவ வீட்டுல இருக்கு"ன்னா நாகம்மா, கை கழுவாம எந்திரிச்சு நின்னு.

அவரு செல்போன எடுத்து மேப்பப் பாத்தாரு. நிக்கிற எடத்துல ஒரத்தநாடுன்னு காட்டுச்சு. நாகம்மா தட்டு வெச்சிருந்த எடத்துக்கு நாலு எட்டு வெச்சாரு, நீலப் புள்ளி எகிறித் தஞ்சாவூருக்குப் போயிருச்சு. திரும்பி வந்தாரு, அதுவும் வந்துச்சு. டேப்ப எடுத்து இந்த வீட்ட அளந்தாரு, சரியான அளவு. அந்த வீட்ட அளந்தாரு, சரியான அளவு. இந்த வீட்டுல ஒதுக்குன ஆளு ஒருத்தி. அந்த வீட்டுல குடும்பம்னு எழுதுன அத்தனை பேரும், குழந்தையோட. தங்கமணி தரையில உக்காந்து புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டே அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. கட்டப்பை ஆணியில மாட்டித் தயாராத்தான் இருந்துச்சு, இந்தத் தடவை எந்த ஆத்துல வுடுவாங்களோன்னு.

பட்டாபிராமன் ரிப்போர்ட்ட முழங்கால் மேல வெச்சு எழுதுனாரு. இரண்டு வீட்டிலும் நெரிசல் இல்லை. உபரி நபர் யாரும் இல்லைன்னு எழுதி, அந்தக் கடைசி வரிய மட்டும் தங்கமணிக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டுனாரு. அவ எந்திரிச்சுப் போயி கட்டப்பையிலேருந்து பொடவைய எடுத்துக் கொடியில போட்டா. அப்புறம் அவருக்கு மோர் குடுத்தாங்க. குடிச்சுட்டு மணியப் பாத்தாரு, தஞ்சாவூரு ஆபீசுல மூணு மணிக்கு மீட்டிங்கு. கொஞ்சம் தயங்கி, "செருப்ப இந்தப் பக்கம் வுட்டா அந்தப் பக்கம் வேணுமேம்மா?"ன்னாரு. கையில எடுத்துக்குங்க சார்னா நாகம்மா. அவரு செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு, பாயத் தாண்டி, கீழமடை காலனி மாடிப்படி வழியா எறங்கி மீரா உசேன் ஆட்டோவுல ஏறிப் போனாரு. ஜீப்பு பின்னால காலியா வந்து சேந்துச்சு.

இப்ப காலனியில எல்லாருக்கும் அது பழக்கமாயிருச்சு. ஜெயபாரதி ஆட்டுக்கு வயிறு உப்புசம்னா பி ப்ளாக்கு ரெண்டாவது மாடிக்கு ஓட்டிக்கிட்டு வந்து, அந்தப் பக்கம் தரைத்தளத்துல எறங்கி, ஒரத்தநாட்டு மாட்டாசுபத்திரிக்குக் கொண்டு போவா. அங்கேருந்து அனுராதாவோட சிநேகிதிங்க பஸ்ஸுக்கு நிக்காம இப்படிக்கூடி காலேஜுக்குப் போவுதுங்க. மத்தியானம் ரெண்டு மணிலேருந்து நாலு மணி வரைக்கும் மட்டும் யாரும் வர மாட்டாங்க. அந்நேரம் நாகம்மாவும் தங்கமணியும் அந்தப் பாயில படுத்துருப்பாளுங்க, நடுவுல வானதி புள்ளை கையையும் காலையும் பரப்பிக்கிட்டு. புள்ளை ஒதைச்சா தூக்கத்துலயே ஒருத்தி நகந்து படுடிம்பா. அப்ப தஞ்சாவூரு நகருறதில்ல. ஒரத்தநாடுதான் கொஞ்சம் நகந்து படுத்துக்கும்.